ஏழாம் மாடிக்குப் போட்ட இஞ்சின்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தேங்காய் அந்தோனியம்மாளைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்தம்மா ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அவர் வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்தான். அவருடைய வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் முதலில் ஒரு ஜெபமாலை, அடுத்து ஒரு பழைய செருப்பு, பிறகு அரைப் பாக்கெட் பிஸ்கட், அதற்கும் கீழேதான் இஞ்சின் தெரியும். எடுத்து வெளியே வைக்கச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. கேட்டால்தானே.

நான் பரமசிவம். தோ பாயோவில் சொந்தப் பட்டறை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவ ஆரம்பித்த கை இது. இன்று ஒரே நேரத்தில் நான்கு வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்கிற பட்டறைக்கு முதலாளி. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் என் பேச்சைக் கேட்காமல் போனவர்கள் எல்லோருமே அடிபட்டார்கள்.

அந்தோனியம்மாள் குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பள்ளிக்கூடம் முடிந்ததும் தொழிற்சாலையில் ரேடியோவுக்குப் பாகம் ஒட்டினார். பிறகு லாசரஸைக் கட்டிக்கொண்டு தேக்காவுக்கு வந்தார். லாசரஸுக்குச் சந்தைக்குள் தேங்காய் துருவிக் கொடுக்கும் கடை. தங்கமான மனிதர், வாயே திறக்க மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தம்மாதான் பேசுவார். லாசரஸ் மாரடைப்பில் போனதும், கடையை யாருக்காவது கொடுத்துவிட்டு மகள் கிளாரிசாவோடு இருந்துவிடு என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்கள் வரிசையில் நின்று சொன்னார்கள். அந்தம்மா வரிசை முழுவதற்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் கார் ஓட்டப் படிக்கப் போனார். இனிமேல் தேங்காயைக் கடையில் உட்கார்ந்து விற்பதில்லை, சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

பரீட்சையில் மூன்று முறை தோற்றார். எல்லாம் சரியாகச் செய்வார். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் வண்டி பின்னால் போய்விடும். மூன்றாவது முறை தோற்றபோது பரீட்சை வைத்த அதிகாரியிடமே சண்டை. "சார், சிங்கப்பூர்ல எங்க சார் மேடு இருக்கு? நான் தேங்காய் விக்கப் போறேனா, மலை ஏறப் போறேனா?" என்று கேட்டாராம். நான்காவது முறை தேறிவிட்டார். வாயை மூட வைக்கத்தான் தேர்ச்சி கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்வதுண்டு.

மேடு பிற்பாடு வந்தது. உணவு சமைக்கும் கம்பெனிகளை எல்லாம் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக அடுக்கி வைத்தார்கள். லாரியே வளைந்து வளைந்து மாடி ஏறும். ரேஸ் கோர்ஸ் சாலையில் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி அதன் ஏழாம் மாடிக்குக் குடிபோனது. அந்தம்மாவின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கம்பெனிதான். அது போனால் மற்றக் கடைகளுக்குத் தேங்காய் போட்டு வேனைக் கட்டி மேய்க்க முடியாது. வேனை விட்டால் வீட்டில்தான் உட்கார வேண்டும். கிளாரிசா அதற்குத்தான் காத்திருந்தாள்.

அவருடைய வேன் சின்ன வேன். பத்து வருடம் ஓடி முடித்து, மறுபடி சிஓஇ கட்டி, அதாவது வண்டி வைத்துக்கொள்ள அரசாங்கம் தருகிற உரிமத்துக்குப் பணம் கட்டி, ஆயுளை நீட்டிய வண்டி. இன்னொரு புது வண்டிக்கு சிஓஇ எடுக்கிற விலையைப் பற்றி நான் வாய் திறக்க விரும்பவில்லை, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தேக்கா வரை குதிரை மாதிரி வரும். அந்த மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடி வரை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். ஐந்தாம் மாடிக்குத் திரும்பும் வளைவில் திணறும்.

ஒரு நாள் சுத்தமாக நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. அந்தம்மா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறார். ஐந்தாம் மாடியில் பிரியாணியும் குருமாவும் சமைத்து விற்கும் முபாரக் சத்தம் கேட்டு ஓடிவந்து, இறைச்சி வெட்டும் மரக்கட்டையைப் பின் டயருக்கு அடியில் தள்ளினான். அப்புறம்தான் அந்தம்மா காலை எடுத்தார்.

ஏழாம் மாடிக் கம்பெனியில் சரக்கு வாங்குகிற பொறுப்பு திலீப் என்பவனுக்கு. எப்போதும் குளிரூட்டிய அறையில் இருப்பான். அந்தம்மா என் பட்டறையில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் போட்டார். நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, கீழ எறக்கி வெச்சிடறேன். யாராவது வந்து எடுத்துக்கிடுங்களேன்."

"ஆன்ட்டி, எத்தன தடவ சொல்றது? ரிசீவிங் ஏழாவது மாடிதான். தேங்காய் தூக்கக் கீழ வர எனக்கு ஆளில்ல லா."

"சரக்கு லிஃப்ட்ல ஏத்தட்டுமா?"

"காலைல லிஃப்ட் ஃபுல்லா மீன்காரங்களுக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் ஆன்ட்டி. அப்புறம் வேற சப்ளையர்."

போன் அணைந்தது. அந்தம்மா என்னைப் பார்த்தார். "அண்ணே, பெரிய இஞ்சின் ஒண்ணு போட்டுக் குடுங்க."

ஏதோ பல்பு மாற்றச் சொல்கிற மாதிரி சொல்கிறார். "ஏம்மா, நெனச்ச இஞ்சினத் தூக்கி நெனச்ச வண்டியில வெக்க இது என்ன அண்டாவும் மூடியுமா?" என்று ஆரம்பித்தேன். இந்த வேனுக்கே அதே கம்பெனிக்காரன் வேறு நாட்டில் பெரிய இஞ்சின் போட்டு விற்றிருக்கிறான். அது பொருந்தும். ஆனால் முதலில் அதிகாரிகளிடம் எழுதிக் கேட்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் இஞ்சினைத் தொடலாம். அதோடு பிரேக், கிளச், ரேடியேட்டர் எல்லாம் மாற வேண்டும். ஏறுகிற வேகம் கூடினால் இறங்குகிறபோது பிடிக்கிற பலமும் கூட வேண்டும் இல்லையா?

"எத்தன நாளாகும்?"

"மாசக் கடைசிக்குள்ள ஆகாது."

"அப்ப எனக்கு எதுக்கு அது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெய் அங்கே இருந்தான். மார்சிலிங்கில் குடியிருப்பவன். பழைய உதிரிபாகம் வாங்கி விற்பான். உதிரிபாகத்தைவிட வாய்தான் அதிகம் விற்கும். "அக்கா, ஜேபில நம்ம ஆள் இருக்கான். ரெண்டே நாள். காசும் பாதி. பாலம் தாண்டுனா முடிஞ்சுது வேல" என்றான். ஜேபி என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கிற ஜொகூர்.

"வெளிய போடா" என்றேன். போனான். அந்தம்மாவும் பேசாமல் போனார். அவர் பேசாமல் போனபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பேசாமல் இருக்கிற ஆளா அவர்!

அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு ஹாரன். ஒரு முறை அல்ல, கல்யாண ஊர்வலம் போல. வேனில் அந்தோனியம்மாள், முகமெல்லாம் பல். "அண்ணே! ஏழாவது மாடி! முழு லோடு! ரெண்டாவது கியர்லயே ஏறிருச்சு! திலீப் தம்பி மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க!"

நான் சீட்டைத் தூக்கினேன். ஜெபமாலை, செருப்பு, பிஸ்கட். கீழே வேறு ஒரு இஞ்சின். அந்தக் கம்பெனியே இல்லை, ஏதோ ஒரு காரில் இருந்து பிடுங்கியது. உட்கார வைக்க இடமில்லாமல் இரும்புப் பட்டையை அறுத்து, கோழிக்கூண்டு பற்றவைக்கிற மாதிரி பற்றவைத்திருக்கிறான். ரேடியேட்டர் பழையது. பிரேக் பழையது. இஞ்சின் நம்பரும் வேனின் பதிவில் இருக்கிற நம்பரும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "உனக்கு அறிவிருக்கா? அடுத்த இன்ஸ்பெக்ஷன்ல நம்பரப் பாப்பான். வண்டியப் பிடுங்கிடுவான். அது கெடக்கட்டும், எறங்குறப்ப என்ன செய்வ?"

"பிரேக்கப் போடுவேன். வேற என்ன செய்வாங்க?"

"பிரேக்கு பழைய இஞ்சினுக்குப் போட்ட பிரேக்குமா!"

"நீங்க செஞ்சு தரமாட்டேன்னீங்க, செஞ்சு தந்தவனயும் திட்டுறீங்க. எனக்கு மாசக் கடைசிண்ணே. உங்க காகிதம் வர்ற வரைக்கும் தேங்காயெல்லாம் மொளச்சிரும்."

"இந்த வண்டி இனிமே என் பட்டறைக்குள்ள வரக்கூடாது."

"வராது!" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். அதிலும் ஒரு திமிர்.

பலம் வந்ததும் அந்தம்மா மூட்டையைக் கூட்டிவிட்டார். எவ்வளவு எடை ஏற்றலாம் என்று வேனின் பக்கத்திலேயே வெள்ளையாக எழுதியிருக்கிறது. அதைப் பார்க்கவே இல்லை. இறங்கும்போதும் சும்மா இறங்குவதில்லை. ஏழாம் மாடியில் துருவி முடித்த ஓடுகளை மூட்டையாக வாங்கிக்கொண்டு போய்க் கரி சுடுகிறவர்களிடம் கொடுப்பது அவர் வழக்கம். லாசரஸ் காலத்திலிருந்து ஓடு கரிக்குத்தான் போகும், இப்போது தேங்காய் விற்றவரே ஓட்டையும் எடுத்துக்கொண்டு போகிறார். அதனால் வாங்குகிறவனுக்குக் குப்பைச் செலவு இல்லை. நல்ல வழக்கம்தான், ஆனால் இந்த பிரேக்கை வைத்துக்கொண்டா?

ஒரு காலையில் முபாரக் போன் செய்தான். "அண்ணே, பதறாதீங்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. வண்டி எறங்குறப்ப பிரேக் பிடிக்கல. ஓரச் சுவர்ல ஒரசியே நிறுத்திட்டாங்க."

நான் போய்ப் பார்த்தபோது, மூன்றாம் மாடி வளைவில் வேன் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. சறுக்குப் பாதை நெடுகத் தேங்காய் ஓடு. சூடான பிரேக்கின் நாற்றம் மூக்கை அறுத்தது. அந்தம்மா கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றில் உட்கார்ந்து முபாரக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அந்த நேரத்திலும் அவருக்கு ரோஷம்.

அங்கே திலீப் நின்றான். வேனைப் பல பக்கத்திலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "ஸாரி ஆன்ட்டி. இது சேஃப்டி இஷ்யூ. இன்னையோட ஸ்டாப் பண்ணிக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை, அந்த வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தேங்காயை எடுக்க ஏழு மாடி இறங்க ஆள் இல்லை என்றவன், படம் எடுக்க மட்டும் எப்படி இறங்கி வந்தான்? கேட்டேன். அந்தக் கட்டடம் முழுவதும் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"அங்கிள், கத்தாதீங்க. இது பிரைவேட் பிராப்பர்ட்டி."

"நான் இப்பிடித்தான்டா பேசுவேன். இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

முபாரக் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். அந்தம்மா ஓடுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். "விடும்மா" என்றேன். "அடுத்த வண்டி டயர்ல குத்தும்ணே" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயும் போகவில்லை. ஆனால் நானும் குனிந்து பொறுக்கினேன்.

கிளாரிசா வந்தாள். "மம்மி, போதும். வித்துருங்க." அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே எழுதிக் கேளுங்க. மொதல்லேருந்து." அவ்வளவுதான். மன்னிப்பா? அவரா?

எழுதிக் கேட்க வேண்டுமானால் வண்டி பழையபடி பழைய இஞ்சினோடு இருக்க வேண்டும். பழைய இஞ்சின் ஜொகூரில். நான் நேராக மார்சிலிங் போனேன். ஜெய் காப்பிக்கடையில் உட்கார்ந்து யாருக்கோ கதை அளந்துகொண்டிருந்தான். அவன் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அங்கிள், ரிலாக்ஸ் லா. காப்பி சொல்லட்டா?"

"அந்தம்மா இஞ்சின் எங்கடா?"

"அது அங்க டிரேட்-இன்ல..."

"செவுத்துல மோதி நின்ன வண்டியில அந்தம்மா உக்காந்திருந்தாங்க. சுவர் இல்லாத எடமா இருந்தா என்ன சொல்லுவ? டிரேட்-இன்னா?"

காப்பிக்கடையே திரும்பிப் பார்த்தது. ஜெய்க்கு முகம் செத்துவிட்டது. நல்ல வேளை, ஜொகூர்க்காரன் பழைய இஞ்சினை விற்காமல் மூலையில் போட்டு வைத்திருந்தான். என் பட்டறையில் பிரேக்கைச் சரிசெய்து, வேனை மறுபடி பாலம் தாண்டிக் கொண்டுபோனோம். ஜெய் செலவில்தான். நான் அந்தப் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடைசி போல்ட்டு முறுக்குகிறவரை எழுந்திருக்கவில்லை. நம்பரை நானே துடைத்து, நானே பார்த்தேன். திரும்பி வருகிறபோது பாலத்தில் ஒரே நெரிசல். வேனுக்குள் நான், அந்தம்மா, நடுவில் ஜெய். அவ்வளவு நேரமும் இரண்டு பக்கத்திலிருந்தும் அவனுக்கு வசவு. பாவம், வேறு எங்கே போவான்.

மாதக் கடைசி வந்தது, போனது. ஏழாம் மாடிக்கு வேறு ஆள் தேங்காய் போட ஆரம்பித்தார். அனுமதி இன்னும் வரவில்லை. அந்தம்மா பழைய இஞ்சினோடு தேக்காவைச் சுற்றி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் வேனை நிறுத்தி, ஜன்னலிலிருந்தே கேட்பார். "உங்க காகிதம் வந்துச்சாண்ணே? நேர் வழின்னு சொல்லி என் ஏழாவது மாடியக் காவு குடுத்துட்டீங்க."

"உயிரு மிச்சமிருக்கில்ல?"

"உயிர வெச்சு டிவி பாக்கச் சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. அன்றைக்கே அதிகாரிகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். அது எனக்கு வழக்கம் இல்லை.

அனுமதி வந்தது. அந்த வேலையை நான் செய்த மாதிரி இந்த ஊரில் எவனும் செய்திருக்க மாட்டான், எழுதித் தருகிறேன். அதே கம்பெனியின் பெரிய இஞ்சின். அதற்கான அதே தாங்கிகள், அறுத்து ஒட்டிய வேலையே இல்லை. பெரிய ரேடியேட்டர், புது கிளச், நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக். இன்ஸ்பெக்ஷனில் முதல் தடவையே தேறியது. வண்டியைக் கிளப்பும் முன்னால் தேங்காய் உடைக்க வேண்டும் என்றேன். அந்தம்மா ஜெபமாலையை மாட்டிக்கொண்டே மூட்டைக்குள் கை விட்டு, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இது தண்ணி நெறஞ்ச காய். உங்க சாமி ஏமாறாது." உடைத்தேன். சரிபாதியாகத்தான் உடைந்தது. என் கை அப்படி.

முதல் ஓட்டத்துக்கு நானும் ஏறிக்கொண்டேன். சட்டம் சொன்ன அளவுக்கு மூட்டை, ஒரு காய் அதிகம் இல்லை. எங்கே போகிறார் என்று கேட்கவில்லை, தெரியும். மூன்றாம் மாடி, நான்காம் மாடி. ஐந்தாம் மாடி வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினார். முழுப் பாரத்தோடு மேட்டில் நிறுத்தி, கிளச்சை விட்டு எடுத்தார். ஒரு விரல் அளவு கூடப் பின்னால் போகவில்லை. "இப்ப வந்து வைக்கச் சொல்லுங்கண்ணே பரீட்சைய" என்றார்.

வளைவு முடிந்த இடத்தில் முபாரக் கையைக் காட்டி நிறுத்தினான். தெரிந்து நின்றானா, தற்செயலா, தெரியாது. "அம்மா, ஏழாவதுக்கு வேற ஆள் போடறாங்களாமே. அப்ப இது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. ஏறிப் பாக்க வந்தேன்."

"அப்ப இங்கயே எறக்குங்க. எனக்கு ஒரு நாளைக்கு இதுல பாதி வேணும். எதிர்ல புட்டு மாயம் செய்றவங்களுக்கும் கேட்டுச் சொல்றேன்." இடியாப்பத்தைத்தான் இங்கே புட்டு மாயம் என்பார்கள். அப்புறம் தலையைச் சொறிந்தான். "மரக்கட்டைய உங்க டயருக்குக் குடுத்த அன்னைக்கே கேட்டிருக்கணும். நீங்க ஏழாவதுக்குத்தான் போடுவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குத்தான் ஆத்திரம். இத்தனை நாள் அந்த வளைவிலேயே வாடிக்கை நின்றுகொண்டிருந்திருக்கிறது. இந்தப் பொம்பளை மேலே மேலே என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொன்னேன். "நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்" என்று மூட்டையை இறக்கப் போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் அந்த வேன் ஐந்தாம் மாடியில் நிற்கிறது. முபாரக்குக்கும் புட்டு மாயக்காரர்களுக்கும் போட்டது போக, ஓட்டையும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார். இறங்கும்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. கிளாரிசா இன்னும் போதும் என்றுதான் சொல்கிறாள். அந்தம்மா இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது அவருக்குப் போன் வந்தது. திலீப். மேலே சப்ளையர் வண்டி பழுதாம், மதியம் கல்யாணச் சாப்பாடு போக வேண்டுமாம். அந்தம்மா எனக்காக ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆன்ட்டி, அர்ஜென்ட். கொஞ்சம் மேல கொண்டாந்துருங்களேன்."

"அஞ்சாவது மாடியில நிக்கிறேன் தம்பி. காய் இருக்கு. வந்து எடுத்துக்கிடுங்க."

"ஏன் ஆன்ட்டி, வண்டி இன்னும் ஏறாதா?"

"வண்டி ஏறும் தம்பி. நான் ஏறமாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் திலீப் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சறுக்குப் பாதையில் இறங்கி வந்தான். சட்டை நனைந்திருந்தது. அந்தம்மா ஒவ்வொரு காயாக ஆட்டிப் பார்த்து, நல்லதாகவே எடுத்துக் கொடுத்தார். அதில் குறை வைக்கவில்லை. துருவி முடித்த ஓடுகளைச் சாயங்காலம் கீழே கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மாடிக்குக் கணக்குப் பார்த்து நான் போட்ட இஞ்சின் அது. முழுப் பாரத்தோடு எட்டாவது மாடி இருந்தால் அதையும் ஏறும். அதை வைத்துக்கொண்டு ஐந்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத்துக்கு ரோஷத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாளாவது ஏறிக் காட்டும்மா என்றால், "நீங்க வேணா ஓட்டிட்டுப் போங்கண்ணே" என்று சாவியை நீட்டுகிறார். இஞ்சினைப் பார்க்கலாம் என்று சீட்டைத் தூக்கினேன். ஜெபமாலை, செருப்பு, பிஸ்கட். அதே பாக்கெட்டோ, புதிதோ, கேட்கவில்லை. வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.